கசிவை அடைத்த ஊர்

மின்கம்பத்தின் உச்சியில் கம்பியைத் தாங்கி நிற்கும் பீங்கான் இன்சுலேட்டருக்கு ஒரு பழைய சோதனை உண்டு. செய்த சரக்கிலிருந்து ஒன்றை எடுத்து உடைப்பார்கள். உடைந்த சில்லுகளை ஃபுக்சின் என்ற சிவப்புச் சாயம் கரைத்த ஸ்பிரிட்டில் போட்டு, நாம் சுவாசிக்கும் காற்றின் அழுத்தத்தைப்போல ஏறக்குறைய 150 மடங்கு அழுத்தத்தில் வைப்பார்கள். அந்த அழுத்தத்தில் 12 மணி நேரமாவது அவை கிடக்க வேண்டும். பிறகு வெளியே எடுத்துக் கழுவி, காயவைத்து, மறுபடியும் உடைப்பார்கள். உட்புறத்தில் இழையளவு சிவப்பு தெரிந்தாலும் சரக்கு தேறாது. சாயம் நுழைந்த வழியில் நாளை ஈரம் நுழையும், ஈரம் நுழைந்த வழியில் மின்சாரம் நுழையும்.

பீங்கான் தொழில் படிக்கிறவர்களுக்கு இது பாலபாடம். கடலூர் மாவட்டத்தின் மேற்கே, விருத்தாசலத்திலும் அதைச் சுற்றிய நல்லூர்ப் பகுதியிலும் அரை நூற்றாண்டுக்கு மேலாக ஒரு தலைமுறை இந்தப் பாடத்தை வைத்துத்தான் பிழைத்தது. ஃபியூஸ் கட்டை, இன்சுலேட்டர், சாக்கடைக் குழாய், பொம்மை, விளக்கு என்று அந்த ஊர் செய்த சரக்கை வரிசையாக அடுக்கிப் பார்த்தால் ஒரு விஷயம் புலப்படும். ஒன்று நீரை அடைக்கிறது, ஒன்று மின்சாரத்தை அடைக்கிறது, இன்னொன்று எண்ணெயை அடைக்கிறது. எது கசியலாம், எது கசியக் கூடாது என்று மண்ணுக்குச் சொல்லிக்கொடுத்த ஊர் விருத்தாசலம். அந்தக் கோணத்தில் அதன் வரலாற்றை யாரும் அதிகம் பேசியதில்லை.

கல்வராயன் மலையில் பிறக்கும் மணிமுத்தாறு நல்லூரைத் தொட்டு, விருத்தாசலத்தைக் கடந்து, வெள்ளாற்றில் சேர்கிறது. நல்லூரில் ஆற்றங்கரையில் வில்வவனேசுவரர் கோயில், விருத்தாசலத்தில் விருத்தகிரீசுவரர். தேவாரம் பாடிய காலத்தில் இந்த ஊருக்குப் பெயர் திருமுதுகுன்றம். சுந்தரர் இங்கே இறைவனிடம் 12,000 பொன் பெற்று, அதை மணிமுத்தாற்றில் போட்டுவிட்டு, திருவாரூர்க் கமலாலயக் குளத்தில் எடுத்துக்கொண்டார் என்பது பெரியபுராணம் சொல்லும் கதை. ஆற்றிலே போட்டுக் குளத்திலே தேடுவது என்ற வழக்கு இதிலிருந்து வந்ததுதான். ஓரிடத்தில் மறைந்தது எங்கோ தொலைவில் வெளிப்படும் என்ற எண்ணம் இந்த ஆற்றங்கரைக்குப் புதிதில்லை. நிலத்தடி நீரின் கதையாக அது பின்னால் வேறொரு வடிவில் திரும்பி வந்தது.

முதலில் பானை. சூளையில் 700 முதல் 900 டிகிரி வரை வெந்த சாதாரண மண்பானையின் உடம்பு முழுக்கக் கண்ணுக்குத் தெரியாத துளைகள். உள்ளே ஊற்றிய தண்ணீர் அந்தத் துளைகள் வழியே மெல்ல வெளிச்சுவருக்கு வந்து ஆவியாகிறது. ஆவியாகும்போது வெப்பத்தைக் கொண்டுபோகிறது. உள்ளே இருக்கும் தண்ணீர் குளிர்கிறது. வேர்க்காத பானை குளிர்விக்காது. கோடையில் பானை வாங்குகிறவர்கள் இதை அறிவார்கள். கன்றின் வேரருகே பானையைப் புதைத்து நீர் ஊற்றி வைக்கும் பழக்கத்திலும் வேலை செய்வது இதே துளைகள்தான்.

சமையலுக்கு வாங்கும் சட்டிக்கு இந்தக் குணம் ஆகாது. அதனால்தான் புதுச்சட்டியை அப்படியே அடுப்பில் ஏற்றுவதில்லை. தண்ணீரில் ஊறவைத்து, அரிசி கழுவிய நீரையோ கஞ்சியையோ ஊற்றிக் கொதிக்கவிட்டுப் பழக்குகிறார்கள். கஞ்சியின் மாவுச்சத்து துளைகளில் போய் அடைத்துக்கொள்கிறது. கார்த்திகைக்கு வாங்கிய அகல்விளக்கை முந்தைய நாள் இரவே தண்ணீரில் போட்டு வைப்பதும் இதற்காகவே. துளைகளை முதலில் தண்ணீர் நிரப்பிவிட்டால் அகல் எண்ணெயைக் குடிக்காது. வேதியியல் புத்தகத்தைத் திறக்காமலே தமிழ்வீட்டுப் பெண்கள் நுண்துளை அடைப்பு என்ற தொழில்நுட்பத்தைப் பல தலைமுறைகளாகக் கையாண்டு வருகிறார்கள். இதற்கு உரிய மதிப்பு இன்னும் கிடைத்ததாகத் தெரியவில்லை.

வணிகம் கடல் தாண்டியபோது கசிவின் விலையும் ஏறியது. புதுச்சேரிக்குத் தெற்கே அரிக்கமேட்டில் 1945-இல் மார்டிமர் வீலர் தோண்டியபோது, மத்தியதரைக்கடல் பகுதியிலிருந்து வந்த ஆம்போரா ஜாடிகளின் உடைசல்கள் கிடைத்தன. இரண்டு கைப்பிடியும் கூரிய அடியும் கொண்ட ஜாடிகள் அவை. பெரும்பாலும் திராட்சை மது வந்தவை. மெருகு பூசாத சுட்டமண் மதுவைப் பிடித்து வைக்காது. எனவே அத்தகைய ஜாடிகளின் உட்சுவரில் மரப்பிசினைக் காய்ச்சிப் பூசுவது அந்நாட்டு வழக்கம். ரோமாபுரியிலிருந்து சோழமண்டலக் கரைவரை மாதக்கணக்கில் வந்த சரக்கு, அந்தப் பிசின் பூச்சை நம்பித்தான் வந்தது. கீழடியில் 2019 அகழாய்வில் வெளிப்பட்ட சுடுமண் குழாய்களும் இதே வரலாற்றில் சேர்பவை. ஒரு குழாயின் வாய் அடுத்த குழாய்க்குள் பொருந்தும்படி செய்து, படுக்கைவசமாக வரிசையாகப் புதைத்திருக்கிறார்கள். குழாய் செய்வது பாதி வேலை. இரண்டு குழாய் சேரும் இடத்தில் ஒழுகாமல் பார்த்துக்கொள்வது மீதி வேலை. அந்தப் பொருத்தத்தைச் செய்த கைக்கு அது தெரிந்திருக்கிறது.

பானை நீரை மட்டும் காக்கவில்லை, செய்தியையும் காத்தது. அகநானூற்றின் 77-ஆம் பாடலில் மருதன் இளநாகனார் ஒரு காட்சியை உவமையாகச் சொல்கிறார். கயிற்றால் கட்டிய குடத்துக்குள் ஓலைகள் இருக்கின்றன. அவற்றை எடுக்க வந்த அலுவலர்கள் மேலே இட்ட முத்திரையைச் சரிபார்த்து, பிறகே அதை அழித்துத் திறக்கிறார்கள். பராந்தக சோழன் காலத்தில், 919-இலும் 921-இலும் வெட்டப்பட்ட உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் குடவோலை முறையை விரிவாக விளக்குகின்றன. ஓலையைப் போடும் முன் வெறுங்குடத்தை எல்லோரும் பார்க்கக் காட்ட வேண்டும். ஏதும் அறியாச் சிறுவன் ஒருவனைக்கொண்டு ஓலையை எடுக்க வேண்டும். முடிவு முன்கூட்டியே வெளியே போய்விடாதபடி ஒவ்வொரு படியிலும் ஒரு காப்பு. இன்னும் ஏறக்குறைய மூவாயிரம் ஆண்டு முந்திப் போனால், இன்றைய துருக்கியில் உள்ள குல்தெப்பே என்ற இடத்தில் அசீரிய வணிகர்கள் களிமண் பலகையில் கடிதம் எழுதி, அதை இன்னொரு மெல்லிய களிமண் உறைக்குள் மூடி, மேலே முத்திரை பதித்து அனுப்பினார்கள். உறையை உடைக்காமல் கடிதத்தைப் படிக்க முடியாது. உடைத்தால் உடைத்தது தெரிந்துவிடும்.

இந்தப் பின்னணியில் பார்த்தால் வினாத்தாள் கசிந்தது என்று இன்றைய செய்தித்தாள் எழுதுவது விந்தையாகத் தோன்றாது. 2012 ஆகஸ்டில் நடந்த தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையத்தின் குரூப்-2 தேர்வு, ஈரோட்டில் வினாத்தாள் முன்னதாகவே வெளியானதால் ரத்தானது. 2024 ஜூனில் பல்கலைக்கழக ஆசிரியர்களுக்கான நெட் தேர்வு நடந்த மறுநாளே ரத்துசெய்யப்பட்டது. ரகசியம் தங்காத மனிதரை நம் ஊரில் ஓட்டைவாய் என்பார்கள். ஓட்டை என்ற சொல்லைப் பானையிலிருந்து வாய்க்கு மாற்றியபோதே, நீரும் செய்தியும் ஒரே விதமாக ஒழுகுகின்றன என்பதைக் கண்டுகொண்டார்கள். ஆனால் ஒரு வேறுபாட்டைச் சொல்லியாக வேண்டும். அரசும் நிறுவனமும் மக்களிடம் மறைத்ததை வெளியே கொண்டுவந்த கசிவுகளும் உண்டு. வியட்நாம் போரைப் பற்றி 1971-இல் வெளியான பென்டகன் ஆவணங்களும், வரி ஏய்ப்போரின் கணக்குகளைக் காட்டிய 2016-ஆம் ஆண்டின் பனாமா ஆவணங்களும் அந்த வகை. ஏழை மாணவனின் ஓராண்டு உழைப்பைத் திருடும் வினாத்தாள் கசிவை அவற்றோடு ஒரே தட்டில் வைக்க முடியாது.

இனி விருத்தாசலத்துக்குத் திரும்புவோம்.

இந்த ஊருக்குப் பீங்கான் தொழில் வந்ததன் காரணம் 25 கிலோமீட்டர் கிழக்கே, நெய்வேலி மண்ணுக்கு அடியில் கிடந்தது. 1930-களில் ஜம்புலிங்க முதலியார் என்ற நிலக்கிழார் தம் நிலத்தில் ஆழ்துளைக் கிணறு போட்டபோது, தண்ணீரோடு கறுப்பாக ஏதோ சேர்ந்து வந்தது. அதுதான் பழுப்பு நிலக்கரி. 1956 நவம்பரில் நெய்வேலி நிறுவனம் பதிவானது. 1957 மே 20 அன்று நேரு சுரங்கப் பணியைத் தொடங்கிவைத்தார். தோண்டத் தொடங்கியவர்களுக்கு முன்னால் நின்ற பெரிய எதிரி தண்ணீர். நிலக்கரிப் படுகைக்குக் கீழே பரந்து கிடக்கும் நீர், ஒவ்வொரு சதுர செ.மீ. பரப்பிலும் 6 முதல் 8 கிலோ எடையளவு மேல்நோக்கி அழுத்துகிறது. மேலே உள்ள மண்ணை அகற்றிவிட்டுச் சும்மா இருந்தால் அந்த நீர் நிலக்கரியைப் பிளந்துகொண்டு வந்து சுரங்கத்தையே மூழ்கடித்துவிடும். ஆகவே கணக்கிட்ட இடங்களில் குழாய்க் கிணறுகள் போட்டு, இரவும் பகலும் இறைத்து அழுத்தத்தைக் குறைத்த பிறகே கரி வெட்ட முடிந்தது. 1961-இல் நிலக்கரி கண்ணில் பட்டது. மறு ஆண்டு மின்சாரம் வந்தது. கசிவை அடைக்க வழியில்லாத இடத்தில் அதற்கு முன்னாலேயே போய் நீரை எடுத்துவிடுவது என்பது நெய்வேலிப் பொறியாளர்கள் கண்ட வழி. அப்படி இறைத்த நீர் சுற்றுவட்டார நீர்மட்டத்தை என்ன செய்தது என்ற கேள்வியை இந்தப் பகுதி விவசாயிகள் இன்றும் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். நியாயமான கேள்வி.

கரிக்கு மேலே இருந்த மண்ணில் வெள்ளைக் களிமண்ணும் இருந்தது. நெய்வேலியின் ஆரம்பகாலத் திட்டத்திலேயே அனல்மின் நிலையம், உரத் தொழிற்சாலை ஆகியவற்றோடு களிமண் கழுவும் ஆலையும் இடம்பெற்றது. மண் கிடைத்தது, விருத்தாசலத்தில் ரயில் சந்திப்பும் இருந்தது. சென்னை - திருச்சி கார்டு லைனிலிருந்து கடலூருக்கும் சேலத்துக்கும் பாதை பிரியும் ஊர் அது. செய்த சரக்கை நாலா பக்கமும் அனுப்பலாம். இந்தச் சூழலில்தான் பீங்கானுக்கென்றே தொழிற்பேட்டை அமைந்தது. பீங்கான் சூளை கட்டுவதும் எரிப்பதும் சிறுமுதலாளியின் கைக்கு எட்டாத செலவு. அரசின் செராமிக் மையம் பொதுச்சூளை வைத்து, சிறு அலகுகள் வார்த்துக் கொண்டுவந்த பொருள்களைச் சுட்டுக் கொடுத்தது. செராமிக் தொழில்நுட்பத்தில் பட்டயப் படிப்பு சொல்லித்தரும் அரசு நிறுவனமும் ஊருக்கு வந்தது. மாவரைத்து இட்லி விற்கிற அளவு மூலதனம் உள்ளவரும் பீங்கான் செய்யலாம் என்ற நிலையை உருவாக்கியது அந்தப் பொதுச்சூளைதான். தமிழ்நாட்டின் தொழில் வரலாற்றில் இதைப் பெரிய காரியமாகவே கருத வேண்டும்.

சந்தையும் காத்திருந்தது. 1957 ஜூலை 1 அன்று சென்னை மாநில மின்வாரியம் உருவாயிற்று. அடுத்த இருபது ஆண்டுகளில் மின்கம்பிகள் ஊர் ஊராகச் சென்றன; கிணற்று மேட்டில் பம்ப்செட் கொட்டகைகள் முளைத்தன. ஒவ்வொரு கம்பத்துக்கும் இன்சுலேட்டர், ஒவ்வொரு இணைப்புக்கும் ஃபியூஸ்.

மின்சாரம் கசியும் விதம் நீர் கசியும் விதத்தைவிட நுட்பமானது. தந்திக் கம்பி வந்த 1850-களிலேயே இந்தத் தொல்லை தெரிந்துவிட்டது. மழைக்காலத்தில் நனைந்த கம்பம் வழியே மின்சாரம் மண்ணுக்கு இறங்கிவிட, தொலைவில் உள்ள நிலையத்துக்குச் செய்தி போய்ச் சேராது. மணியைக் கவிழ்த்த வடிவில் பீங்கான் கிண்ணங்களைச் செய்து கம்பியை அதன்மேல் கட்டினார்கள். மழை வெளிப்புறத்தை நனைத்தாலும் மணியின் உட்புறம் உலர்ந்திருக்கும். மின்சாரம் இறங்க வழி அறுந்துவிடும். இன்றைய இன்சுலேட்டரில் ஒன்றன்கீழ் ஒன்றாக விரியும் பாவாடைகள் அந்த மணியிலிருந்து வளர்ந்தவை.

பாவாடைகளால் இன்னொரு பயனும் உண்டு. கம்பியிலிருந்து இரும்புத் தண்டுவரை பீங்கானின் மேற்பரப்பில் ஓர் எறும்பு ஊர்ந்து சென்றால் எவ்வளவு தூரம் நடக்குமோ, அதுதான் மின்சாரம் கசிந்து செல்ல வேண்டிய பாதையின் நீளம். நேர்த்தூரம் குறைவாக இருந்தாலும் ஏறி இறங்கி வளைந்து செல்லும் தூரம் அதிகமாகிறது. 11 கிலோவோல்ட் கம்பியைத் தாங்கும் இன்சுலேட்டருக்கு இந்தப் பாதை சாதாரண இடங்களில் 230 மில்லிமீட்டராவது இருக்க வேண்டும். மாசு மிகுந்த இடங்களில் 320 என்று இந்தியத் தரநிர்ணயம் வகுத்திருக்கிறது. கடலூர்க் கரையோரம் உப்புக்காற்றும் நெய்வேலிப் பக்கம் சாம்பல் தூசியும் இன்சுலேட்டரில் படிகின்றன. காய்ந்த தூசியால் கேடில்லை. பனியோ, கோடை கழிந்த முதல் தூறலோ அதை நனைக்கும்போதுதான் உப்புக் கரைந்து மேற்பரப்பு மின்சாரத்துக்குப் பாதையாகிறது. கம்பத்தில் சடசடவென்று பொறி பறந்து ஊர் இருளில் மூழ்குவது பெரும்பாலும் இப்படிப்பட்ட வேளையில்தான். அடைமழை வந்தால் இன்சுலேட்டர் கழுவப்பட்டு மறுபடி சரியாகிவிடும்.

இதற்கெல்லாம் அடிப்படை, உள்ளே துளையே இல்லாத உடம்பு. களிமண், ஃபெல்ஸ்பார், படிகக்கல் மூன்றையும் அளவோடு சேர்த்து 1,250 டிகிரிக்கு மேல் சுடும்போது, ஃபெல்ஸ்பார் உருகிக் கண்ணாடியாகி மற்ற இரண்டுக்கும் இடையே உள்ள ஒவ்வொரு சந்திலும் பாய்ந்து நிரம்புகிறது. புதுச்சட்டியில் கஞ்சி செய்த வேலையை, ஒருபோதும் கரையாத விதத்தில் இது செய்து முடிக்கிறது. பத்து இருபது டிகிரி வெப்பம் குறைந்தாலும் சந்து மீந்துவிடும். கூடினால் பொருள் தளர்ந்து கோணும். வெப்பமானி இருந்தாலும், சூளையின் காட்சித்துளை வழியே நெருப்பின் நிறத்தைப் பார்த்து நேரம் சொல்லும் அனுபவம்தான் சரக்கைக் காப்பாற்றும்.

வீட்டுக்குள் அந்த மண் கிட்கேட் ஃபியூஸாக வந்தது. சுவரில் பதித்த அடிக்கட்டை, அதில் செருகி எடுக்கும் மேல்கட்டை, இரண்டு திருகுக்கு நடுவே மெல்லிய கம்பி. மின்சாரம் அளவுக்கு மீறிப் பாய்ந்தால் கம்பி உருகி அறுந்துவிடும், பீங்கான் தீப்பிடிக்காது. தமிழ்நாட்டில் வீட்டுக்கு வீடு, கொட்டகைக்குக் கொட்டகை இருந்த பொருள் அது. எளிய கருவி என்றாலும் அதன் எல்லையைச் சொல்ல வேண்டும். எந்தத் தீவிபத்துக்கும் மின்கசிவு காரணம் என்று நாளிதழ்கள் எழுதிவிடுகின்றன. இரண்டு கம்பிகள் ஒன்றோடொன்று உரசிப் பெருமின்னோட்டம் பாய்வது வேறு. பழுதான மோட்டாரின் உடலுக்கு மின்சாரம் மெல்ல இறங்கி நிற்பது வேறு. முதலாவதை ஃபியூஸ் தடுக்கும். இரண்டாவதுதான் உண்மையான கசிவு. அதை ஃபியூஸ் அறியவே அறியாது. 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே இணைப்பைத் துண்டிக்கும் கருவிகள் வீடுகளுக்கென்று பின்னால் வந்தன. ஈரக்கையோடு மோட்டாரைத் தொட்டு உயிர்விட்ட எத்தனையோ விவசாயிகளுக்கு அவை காலத்தில் கிடைக்கவில்லை.

விருத்தாசலம் செய்த இன்னொரு சரக்கு கண்ணில் படாமல் மண்ணுக்கடியில் கிடப்பது: ஸ்டோன்வேர் குழாய். தமிழ்நாடு சிமென்ட்ஸ் கழகத்தின் கீழ் அதற்கென்று ஒரு தொழிற்சாலை இங்கே இயங்கியது. கழிவுநீர் கொண்டுபோகும் குழாய் இது. இதன் அருமை தெரிய 1854-ஆம் ஆண்டின் லண்டனுக்குப் போக வேண்டும். சோஹோ பகுதியில் பிராட் தெருக் குடிநீர்ப் பம்பைச் சுற்றிக் காலரா பரவி 600-க்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். தண்ணீரே காரணம் என்று மருத்துவர் ஜான் ஸ்னோ கண்டறிந்தார். மறு ஆண்டு அங்கே தோண்டிப் பார்த்தபோது, பக்கத்து வீட்டுக் கழிவுத்தொட்டியின் செங்கற்கள் உளுத்துப்போய், மூன்றடிகூடத் தள்ளியிராத கிணற்றுக்குள் கழிவு கசிந்துகொண்டிருந்தது தெரிந்தது. அதே லண்டனின் லாம்பெத்தில் 1846 முதல் ஹென்றி டௌல்டன் உப்பு மெருகிட்ட குழாய்களைச் செய்யத் தொடங்கியிருந்தார். செங்கல் சாக்கடையின் இடத்தைப் பிடித்து உலகம் முழுவதும் நகரங்களுக்கு அடியில் பரவியவை அந்தக் குழாய்கள்.

உப்பு மெருகு என்பது பெயருக்கேற்ற வேலை. சூளை 1,200 டிகிரியை எட்டியதும் சமையல் உப்பை நெருப்பில் வீசுவார்கள். ஆவியான உப்பிலிருந்து பிரியும் சோடியம், குழாயின் மண்ணில் உள்ள சிலிக்காவோடு கூடி மேற்பரப்பிலேயே கண்ணாடிப் பூச்சாகிறது. தனியாகப் பூசிய பூச்சில்லை என்பதால் அது உரிவதில்லை, அமிலமும் அரிப்பதில்லை. மிஞ்சிய குளோரின் அமிலப் புகையாகப் புகைபோக்கி வழியே வெளியேறும். மண்ணுக்குள் கசிவை அடைக்கக் காற்றில் அமிலத்தை விட்ட தொழில் இது. பல நாடுகள் இந்த முறையைக் கைவிட்டதற்கு அந்தப் புகையே காரணம். சூளைக்குப் பக்கத்தில் நின்று உப்பு வீசிய கூலித் தொழிலாளியின் நெஞ்சு என்ன பட்டிருக்கும் என்று நினைக்காமல் இந்த மெருகைப் புகழ முடியவில்லை.

குழாய்க்கான இந்தியத் தரம் 651-ஆம் எண் கொண்டது. ஏஏ வகை என்றால் ஒவ்வொரு குழாயையும் நீர் அழுத்தத்தில் சோதிக்க வேண்டும். ஏ வகை என்றால் நூற்றுக்கு ஐந்து. சிறு சுத்தியலால் தட்டினால் தெளிந்த ஒலி எழ வேண்டும் என்றும் அதே தரநூல் சொல்கிறது. சந்தையில் பானை வாங்கும் பாட்டி விரல்கணுவால் தட்டிக் கணீர் என்ற ஓசை வருகிறதா என்று கேட்பாளே, அதே சோதனை. விரிசல் விட்ட மண் மந்தமாகப் பேசும். குழாய்களைப் பூட்டும் இடத்தில் சணல் கயிற்றைச் செருகி, ஒன்றுக்கு ஒன்று சிமென்ட் கலவையால் அடைப்பது முறை. கீழடிக் குழாய்க்கும் விருத்தாசலம் குழாய்க்கும் இடையே இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு மேல் இடைவெளி இருந்தாலும், பலவீனமான இடம் ஒன்றேதான். சணலைச் சரியாகத் திணிக்காத பூட்டு வழியே மழைக்காலத்தில் மண்ணின் நீர் குழாய்க்குள் புகும். வறண்ட காலத்தில் குழாயின் கழிவு மண்ணுக்குள் இறங்கும்.

பொம்மை வார்க்கும் அலகுகளில் கசிவு வேலைக்காரனாகவே அமர்த்தப்பட்டிருக்கிறது. களிமண்ணை மோர்ப்பதத்தில் கரைத்து, பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் அச்சுக்குள் ஊற்றுவார்கள். அச்சு நீரை உறிஞ்ச உறிஞ்ச, அச்சின் உட்சுவரையொட்டி மண் படிந்து தடிக்கும். போதிய தடிமன் வந்ததும் மிச்சக் கரைசலைக் கவிழ்த்துவிட்டால் உள்ளே வெற்றிடமுள்ள பிள்ளையாரோ கிளியோ நிற்கும். நவராத்திரிக் கொலுப்படியிலும், காரின் முன்பலகையிலும், பரிசுப் பொருள் கடைகளிலும் இருக்கும் விருத்தாசலம் பீங்கான் பொம்மைகள் பிறக்கும் முறை இது. அச்சு நனைந்து போனால் உறிஞ்சாது. வெயிலில் காயவைத்தால்தான் மறுநாள் வேலை. அடைமழை மாதங்களில் உற்பத்தி தள்ளாடுவதன் காரணம் இதுதான். இந்த வேலையில், குறிப்பாகப் பிசிறு சீவுவதிலும் வண்ணம் தீட்டுவதிலும், பெண்களின் கை பெரிது.

கசிவு என்ற சொல் இந்த மாவட்டத்தில் அச்சத்தோடும் உச்சரிக்கப்படுகிறது. கடலூர் சிப்காட் தொழிற்பேட்டையைச் சுற்றிய கிராமத்தார் 2004 முதல் சமூகச் சுற்றுச்சூழல் கண்காணிப்பாளர்களாகப் பயிற்சி பெற்று, எந்த நேரத்தில் என்ன நாற்றம் வந்தது என்று குறித்துவைத்து, எளிய வாளிக் கருவியால் காற்றைப் பிடித்துச் சோதனைக்கு அனுப்பினார்கள். மூக்கைச் சாட்சியாக்கிய அந்த முயற்சி தமிழகச் சூழல் வரலாற்றில் நினைக்கத்தக்கது. அவர்கள் அஞ்சியதற்கு முன்னுதாரணம் இருந்தது. 1984 டிசம்பர் 2-ஆம் தேதி நள்ளிரவில் போபாலில் 40 டன் அளவு மீதைல் ஐசோசயனேட் இருந்த தொட்டிக்குள் தண்ணீர் புகுந்தது. உள்ளே போன நீர், நச்சுவாயுவை வெளியே தள்ளியது. அரசு உறுதிசெய்த உயிரிழப்பு மட்டுமே 3,787. 2020 மே 7 அன்று விசாகப்பட்டினத்தில் ஸ்டைரீன் கசிந்து 12 பேர் இறந்தார்கள். 2023 டிசம்பர் 26 நள்ளிரவில் எண்ணூரில் கடலுக்கடியில் போன குழாயிலிருந்து அம்மோனியா வெளியேற, மீனவக் குடும்பங்கள் மூச்சுத்திணறித் தெருவுக்கு ஓடிவந்தன. பெரிய பெரிய ஆலைகளில் தவறுவது பெரும்பாலும் ஒரு வால்வு, ஒரு பூட்டு, ஒரு குழாய். இன்சுலேட்டரை உடைத்துச் சாயத்தில் ஊறப்போட்டுப் பார்க்கும் பொறுமை அந்த இடங்களில் இருந்திருந்தால் என்ற ஏக்கம் எழுகிறது.

விருத்தாசலத்தின் சரக்கைக் காலம் ஒவ்வொன்றாக மாற்றிவருகிறது. சாக்கடைக்குப் பிவிசி குழாய் வந்தது. இலகுவானது, நீளமானது, பூட்டுகள் குறைவு. ஃபியூஸ் இருந்த இடத்தில் பிளாஸ்டிக் உடலுள்ள எம்சிபி சுவிட்ச் வந்தது. மின்கம்பத்திலும் பாலிமர் இன்சுலேட்டர்கள் ஏறிவிட்டன. பொம்மைச் சந்தையில் சீனப் பொருள்கள் போட்டிக்கு நிற்கின்றன. எரிபொருள் விலை சூளையை ஒவ்வொரு முறை பற்றவைக்கும்போதும் கணக்குப் பார்க்க வைக்கிறது. புதிய பொருள்கள் தேவையற்றவை என்று யாரும் சொல்ல முடியாது. கசிவைத் தடுக்கும் ஆற்றலில் சில, பீங்கானைவிட மேலானவையும்கூட. ஆனால் உப்பு மெருகுச் சூளையை ஏற்றி இறக்கியவர்கள், நெருப்பின் நிறம் பார்த்துப் பழகியவர்கள், அச்சு செதுக்கிய கைவினைஞர்கள் இன்று முதியவர்கள். அவர்களுடைய அறிவு எந்த ஏட்டிலும் முறையாகப் பதிவாகவில்லை.

அரசு ஒன்று செய்யலாம். விருத்தாசலம் செராமிக் நிறுவன வளாகத்திலேயே ஒரு கூடம் ஒதுக்கி, இந்த ஊர் செய்த ஸ்டோன்வேர் குழாய், கிட்கேட் ஃபியூஸ், பின் இன்சுலேட்டர், பழைய பிளாஸ்டர் அச்சுகள், முதல் தலைமுறைப் பொம்மைகள் ஆகியவற்றைச் சேர்த்து வைத்து, அவற்றைச் செய்தவர்களின் பேச்சை ஒலிப்பதிவு செய்ய வேண்டும். பெரிய தொகை வேண்டாம். ஓரிரு ஆண்டுப் பணி. மாவட்ட நிர்வாகமும் தொழில் வணிகத் துறையும் இதை உடனே தொடங்க வேண்டும். வாசகர்களில் எவர் வீட்டு மச்சிலாவது, எந்தப் பம்ப்செட் கொட்டகையிலாவது விருத்தாசலத்துப் பீங்கான் கட்டை பழுதாகிக் கிடந்தால், அதைக் குப்பையில் போடாமல் எடுத்து வையுங்கள். கூடம் அமையும் நாளில் கொடுக்கலாம்.